பள்ளியினுள் வந்த பட்டறை: வரலாற்றுக் குறிப்பொன்று

அரம் பிடிக்கக் கற்பித்தல் நெடுங்காலம் பள்ளியின் பணியாக இருந்ததில்லை. கொல்லன் மகன் தந்தையின் உலைக்களத்திற் கற்றான். ஐரோப்பிய நகரங்களிலே சிறுவர்கள் ஆசானின் வீட்டில் ஆண்டுக்கணக்காகப் பணிபுரிந்து கற்றனர். ஆசான் செய்து விற்ற பொருள் எதுவோ, அதுவே மாணாக்கனின் கல்விக்கும் எல்லையாயிற்று. இப்பிணைப்பு அறுந்த வகையினையே ஈண்டு நோக்குகின்றோம்.

ருஷ்யாவிற் பண்ணையடிமை முறை 1861 இல் ஒழிக்கப்பட்டது. இருப்புப்பாதைகள் விரிந்தன, இயந்திரம் அறிந்தோர் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். ஆசானொருவன் சிலருக்குக் கற்பிக்கும் பழைய முறை இத்தேவைக்கு ஈடுகொடுக்குமா? மொஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் நெறியாளர் விக்டர் டெலா-வோஸ் 1868 இல் புதுமுறையொன்றைப் புகுத்தினார். தச்சு, கடைசல், கொல்வேலை, பொருத்துவேலை ஆகியன தனித்தனிப் பயிற்சிப் பட்டறைகளிற் கற்பிக்கப்பட்டன. ஒவ்வொரு தொழிலும் அதன் அடிப்படைச் செயல்களாகப் பகுக்கப்பட்டு, எளியது முதல் அரியது வரை நிரற்படுத்தப்பட்டது. இரும்புத் துண்டொன்றின் முகத்தை அராவி மட்டமாக்குதல் அத்தகையதொரு செயல். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கெதிரே பிடித்தால், ஒளி கசியுமிடம் பள்ளம், கசியாவிடம் மேடு. இதனைக் கண்ணாற் கண்டு கையாற் திருத்தும் மாணவன் வடிவகணிதத்தையும் உடன் கற்கிறான் என்பதை ஏட்டுக்கல்வியாளர் பலர் இன்றும் உணர்வதில்லை.

இம்முறை 1876 இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் அமெரிக்கர் கண்ணிற் பட்டது. சென். லூயிஸ் நகரில் கணிதப் பேராசிரியராயிருந்த கல்வின் வுட்வேர்ட், மரத்தாலான மாதிரிகளைச் செய்யுமாறு தம் மாணவரைப் பணித்தபோது, அவர்களுக்குக் கருவிகளைக் கையாளவே தெரியாதிருக்கக் கண்டவர். அவர் 1880 இல் திறந்த கைத்தொழிற் பயிற்சிப் பள்ளி, பதினான்கு வயது நிரம்பிய சிறுவருக்குக் கணிதம், விஞ்ஞானம், வரைதல் என்பவற்றோடு பட்டறைப் பயிற்சியையும் மூன்றாண்டுகள் அளித்தது. அங்கும் விற்பனைக்கு எதுவும் செய்யப்படவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். திறன் பொருளிலிருந்து பிரிக்கப்பட்டமையாலேயே அது பரம்பரைத் தொழிலின் வேலியைத் தாண்டிற்று. கொல்லன் மகனல்லாதவனும் கற்க முடிந்தது. ஆயின் உழைப்பைக் கூறுபடுத்திய ஆலையின் தருக்கமும் அதே பகுப்பினுள் உறைந்திருந்தது. மாணவன் அராவிய துண்டு யாருக்கும் பயன்படாதது. எனவே உற்பத்தி யாருக்காக, யார் பொறுப்பில் என்ற வினாவும் பட்டறையினுள் எழவில்லை. மார்க்ஸ் 1866 இல் அகிலத்தின் ஜெனீவா மாநாட்டுக்கு எழுதிய அறிவுறுத்தல்களில் அறிவுக்கல்வி, உடற்பயிற்சி, தொழில்நுட்பப் பயிற்சி மூன்றையும் இணைத்துக் கோரியது, உற்பத்தியில் உண்மையாகவே ஈடுபடும் சிறுவரை மனத்திற்கொண்டேயாகும். அமெரிக்காவிலோ 1917 ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கெனத் தனி நிதியையும் தனி நிருவாகத்தையும் வகுத்தது. இத்தகைய பிரிவினை தொழிலாளர் பிள்ளைகளை ஒருபுறம் ஒதுக்கிவிடும் என ஜோன் டூயி முன்னரே எதிர்த்து வாதாடியிருந்தார்.

இலங்கையின் 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வேறுவழியிற் சென்றது. தொழில்முன்னிலைப் பாடங்கள் அனைத்து மாணவருக்கும் உரியனவாக்கப்பட்டன. உலோகவேலை, மீன்பிடி எனச் சுற்றாடலின் தொழில்களே பாடமாயின. மொஸ்கோவிற் கழற்றப்பட்ட பொருள் இங்கு மீண்டும் பாடத்தினுட் சேர்க்கப்பட்டது எனலாம். 1977 இல் ஆட்சி மாறியபின் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது. பழைய சாதாரண தரப் பரீட்சை மீண்டு வந்தது.