வைப்ரேட்டரை மட்டும் மாற்றியவர்கள்

கார் ரேடியோவின் ஆரம்ப காலத்திலேயே ஒரு தீவிபத்துக் கதை உண்டு. 1930ஆம் ஆண்டு. சிகாகோவின் பால் கால்வின் கடன் கேட்டு ஒரு வங்கிக்காரரிடம் போனார். நம்பிக்கை வரட்டும் என்று அவருடைய பேக்கார்ட் காரிலேயே ரேடியோ பொருத்தச் செய்தார். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்தது, கடனும் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். கால்வின் தளரவில்லை. தன் ஸ்டூடிபேக்கரில் ரேடியோவை மாட்டி அட்லாண்டிக் சிட்டிவரை ஓட்டிப்போய், ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு வெளியே நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டார். மோட்டரோலா என்ற பெயர் பிறந்தது அந்த ரேடியோவுக்குத்தான்.

அன்றைய கார் பேட்டரி 6 வோல்ட். ரேடியோ வால்வுகளுக்கோ 200 வோல்ட் அளவுக்குத் தேவை. இந்த இடைவெளியை அடைத்தது வைப்ரேட்டர். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் குப்பி அது. உள்ளே ஒரு மெல்லிய நாக்கு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும்.

துடிக்கிற பொருள் தேயும். தேய்ந்தால் பிடுங்கிவிட்டுப் புதிதைச் செருகலாம். பல்பு மாற்றுவதுபோல எளிது. ரேடியோ உடனே பாடும்.

கொஞ்ச நாளில் அதே கார் மறுபடி கடை வாசலில் நிற்கும். வைப்ரேட்டரைத் தீர்த்தது வேறொன்று. டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் பஃபர் கெப்பாசிட்டர் என்று ஒரு சின்னப் பொருள் உண்டு. நாக்கு ஒவ்வொரு முறை விலகும்போதும் எழும் மின்னழுத்தத் துள்ளலைத் தாங்குவது அதன் வேலை. மெழுகு பூசிய காகிதக் கெப்பாசிட்டரில் ஈரம் ஏறிக் கசியத் தொடங்கினால் தொடுமுனைகளில் பொறி பறக்கும், குழி விழும், கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே கருகலாம். மலிவான அந்த ஒரு பொருளை மாற்றாமல் விட்டதால் எத்தனை நல்ல ரேடியோக்கள் வீணாயின! இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள் என்று பழுது பார்ப்போருக்கான கையேடுகள் வற்புறுத்தின.

1955இல் ஃபில்கோ, கிரைஸ்லர் கார்களுக்காக முழு டிரான்சிஸ்டர் ரேடியோ கொண்டுவந்தது. பேட்டரியும் 12 வோல்ட்டுக்கு மாற, வைப்ரேட்டர் மறைந்தது.

ஆனால் பெரிய கார் ஆம்ப்ளிஃபயர்கள் வந்தபோது பழைய தேவையும் திரும்பி வந்தது. 12 வோல்ட்டை உயர்த்தியாக வேண்டும். துடிக்கும் நாக்கின் இடத்தில் இப்போது மாஸ்ஃபெட்கள், வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகின்றன. தவறும் அதேதான். வெடித்த மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றுவார்கள். அது சாகும்போது கேட் ரெசிஸ்டரையும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். பேட்டரியின் தடித்த ஒயரை நேராக இணைத்ததும் புதியதும் புகைந்துவிடும்.

அனுபவசாலிகள் முதல் முறை அப்படி இணைப்பதில்லை. நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டுவார்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. ஒரு கணம் மின்னி மங்கினால்தான் அடுத்த ஒயரைத் தொடுவார்கள்.