ஹெட்ஸ் அப்: முன்கூட்டிச் சொன்னவருக்கு நன்றி சொல்வது எப்படி?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. சனிக்கிழமை இரவு சர்வரை நிறுத்தப் போகிறோம் என்று அமெரிக்காவில் இருந்த சக ஊழியருக்கு மூன்று நாள் முன்னாடியே மெயில் போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'தேங்க்ஸ் ஃபார் தி ஹெட்ஸ் அப்.' எனக்குப் புரியவில்லை. பக்கத்து சீட் நண்பரிடம் காட்டினேன். அவரும் ஓசூர் பக்கம்தான், வீட்டில் தெலுங்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தலை நிமிர்ந்து நில்லுன்னு பாராட்டறாரு போல" என்றார். இரண்டு நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்!

பிறகுதான் நோண்டிப் பார்த்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இது வெறும் கூச்சல். மேலேயிருந்து பந்தோ பொருளோ வந்தால் 'தலையைத் தூக்கிப் பார்' என்று கத்துவார்கள். நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது பெயர்ச்சொல்லாகி, 'முன்தகவல்' என்ற பொருளில் ஆபீஸுக்குள் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஹெட்ஸ் அப்' என்று யாராவது கத்தினால் நம்மூரில் பலர் தலையைக் குனிந்துகொள்வோம்.

நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டிச் சொன்னதற்கு நன்றி என்று எழுத நினைத்து, 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்' என்று போட்டேன். அதற்குப் பொருளே வேறு. இன்னும் செய்யாத உதவிக்கு முன்பணம் மாதிரி நன்றி கட்டுவது அது. எதிராளி குழம்பிப்போய், "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். வழக்கமான வேலைத் தகவலுக்கு 'ஹெட்ஸ் அப்' போதும். கொஞ்சம் மரியாதை வேண்டுமென்றால் 'தேங்க் யூ ஃபார் லெட்டிங் மீ நோ இன் அட்வான்ஸ்' நல்லது. 'நோட்டட்' என்று மட்டும் எழுதினால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருக்கும்.

சரி, நம் மொழிகளில் இதை எப்படிச் சொல்கிறோம்? ஓசூர் சந்தையில் அரை மணி நேரம் நின்றால் மூன்று மொழியிலும் கேட்கலாம். தமிழில் "நல்லவேளை, முன்னாடியே சொன்னீங்க." தெலுங்கில் "முந்தே செப்பி மஞ்சிபனி சேசாரு." கன்னடத்தில் "மொதலே ஹேளித்து ஒள்ளேதாய்த்து." மூன்றிலும் 'தேங்க்ஸ்' கிடையாது. 'நல்லது' மட்டும் இருக்கிறது. யோசித்தால் 'நன்றி' என்ற சொல்லே அந்த 'நல்'லில் இருந்து வந்ததுதான். திருக்குறளின் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது வாயால் சொல்லும் வார்த்தை இல்லை, ஒருவர் செய்த நன்மை. வேண்டிய நேரத்தில் செய்தது சிறிதானாலும் உலகத்தைவிடப் பெரிது என்று அங்கே வள்ளுவர் சொல்வது முன்தகவலுக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் முன்தகவல் சொன்னவரை நாம் நடத்திய விதம் அப்படி இல்லை. வரி கட்டக் கடைசி நாள், ஏரி திறப்பு, ஊர்க்கூட்டம் எல்லாவற்றையும் தண்டோரா போட்டுச் சொன்னவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். அது அவருடைய கடமை என்று ஊர் எடுத்துக்கொண்டது, நன்றி சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி தமிழக அரசின் தலைமைச் செயலர் கடிதம் எழுதினார். தெருவில் இன்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி போகிறது.

எங்கள் எல்லைப் பகுதியில் முன்தகவல் என்பது ஆற்று விஷயமும்கூட. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணைகளைத் தாண்டி கடலூர் அருகே கடலில் சேர்கிறது. மேலே மழை பெய்தால் கீழே இருப்பவருக்குத் தெரியவேண்டும். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1892ல் போட்ட ஒப்பந்தத்தில் இந்தக் கவலையின் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். மைசூர் புதிய பாசன அணை கட்ட நினைத்தால், முழு விவரத்தையும் சென்னைக்கு அனுப்பி, வேலை தொடங்கும் முன்பே சம்மதம் வாங்கவேண்டும் என்கிறது அது. தென்பெண்ணையின் கிளையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனபோதும் தமிழ்நாடு இந்த ஒப்பந்தத்தைத்தான் பிடித்துக்கொண்டது. சொல்லாமல் செய்தது வழக்கில் ஒரு முக்கியமான குறை.

இனி சொந்தக் கதை. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980ல் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்டும், கொஞ்ச வருஷத்தில் டைட்டனும். பெரிய ஆலைகளை நம்பி நூற்றுக்கணக்கில் சின்னப் பட்டறைகள் முளைத்தன. அப்பா அப்படி ஒரு பட்டறையில் ஃபிட்டர். முப்பது பேர் வேலை செய்த இடம். ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு. நோட்டீஸ்கூட ஒட்டவில்லை.

1947 தொழில் தகராறு சட்டத்தில் 1953ல் சேர்த்த 25-எஃப் பிரிவைப் பின்னாளில் படித்தேன். ஒரு வருஷம் வேலை செய்தவரை ஆள்குறைப்பு செய்யுமுன் ஒரு மாத எழுத்துமூல நோட்டீஸ், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம். அதோடு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் ஈட்டுத்தொகை. அப்பாவுக்கு அந்தப் பிரிவின் நம்பர்கூடத் தெரியாது.

ஆனால் அவருக்கு ஒரு ஹெட்ஸ் அப் வந்திருந்தது. கேட் எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணன் பத்து நாள் முன்னாடியே, "முதலாளி மெஷினுக்கு விலை பேசறாரு, வேற எடம் பாத்துக்கப்பா" என்று சொல்லியிருந்தார். அப்பா இரண்டு இடத்தில் சொல்லி வைத்தார். அந்த மாதமே வேறு வேலை கிடைத்தது. அதனால் என் ஃபீஸும் நிற்கவில்லை.

"அவருக்குத் தேங்க்ஸ் சொன்னீங்களாப்பா?" என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு? கடைசிவரைக்கும் டீ அவருகிட்டதான் குடிச்சேன்" என்றார். புது வேலை ஊரின் மறுகோடியில். சைக்கிளில் நாலு கிலோமீட்டர் சுற்றிப் போய் அந்த டீயைக் குடித்திருக்கிறார்.

நான் இன்றும் மெயிலில் 'தேங்க்ஸ் ஃபார் தி ஹெட்ஸ் அப்' என்றுதான் எழுதுகிறேன். மூன்று விநாடியில் முடிந்துவிடுகிறது.