பனியை ஜெயித்த துணி, பனியிலேயே விட்டுவந்த கறை

இன்னிக்கு எபிசோட் ஒரு ஜாக்கெட்டைப் பத்தினது.

ஸ்கீயிங் வீடியோ பாத்திருப்பீங்க. மைனஸ் 10 டிகிரியில ஒருத்தர் சரிவுல பறந்து வருவார், விழுவார், பனியில நாலு தடவை உருளுவார். எழுந்து, தட்டிவிட்டுட்டு, மறுபடியும் கிளம்பிடுவார். உள்ள போட்டிருக்கிற பனியன் நனைஞ்சிருக்காது. அந்த ஜாக்கெட்டை இந்த நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 150 வருஷம் ஆச்சு. அதுக்குக் கொடுத்த விலை என்னன்னு நமக்குத் தெரியவந்ததோ ரொம்பத் தாமதமாத்தான். நான் இந்தக் கதையை எடுத்ததே அந்தத் தாமதத்துக்காகத்தான்.

எதிரி வெளியே மட்டும் இல்ல

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். மலையில் குளிரை விட ஆபத்தானது ஈரத்தோடு சேர்ந்த குளிர். காற்றை விடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இந்த ஈரம் ரெண்டு பக்கமிருந்தும் வரும். வெளியே பனி. உள்ளே வியர்வை. ஸ்கீ பண்றவர் சரிவுல இறங்கும்போது நல்லா வியர்க்கும். கீழே வந்ததும் கேபிள் நாற்காலியில உக்காந்து, எதிர்காத்துல மறுபடியும் மேல போகணும். உள்ளாடை நனைஞ்சிருந்தா அந்தப் பத்து நிமிஷம் நரகம்.

அப்ப ஜாக்கெட் என்ன செய்யணும்? வெளித் தண்ணீரை உள்ள விடக்கூடாது, உள் ஈரத்தை வெளிய விடணும், சூட்டை மட்டும் பிடிச்சு வெச்சுக்கணும். கேக்கும்போதே முரணா இருக்குல்ல? பிளாஸ்டிக் ரெயின்கோட் போட்டு வண்டி ஓட்டின யாருக்கும் இந்த முரண் புரியும். மழை நனைக்காது, வியர்வை நனைச்சிடும்.

ரப்பரும் பருத்தியும்

1823-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் ஒரு காப்புரிமை பெற்றார். ரப்பரை நாஃப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். தண்ணீர் புகவே புகாது. ஆனால் ஆரம்பகால மெக்கின்டாஷ் கோட்டுகள் குளிரில் விறைத்துப்போயின, வெயிலில் பிசுபிசுத்தன, நாற்றமும் அடித்தன. மூச்சு விடாத துணி என்பதால் உள்ளே வியர்வை தேங்கியது. பாதிப் பிரச்சினை மட்டும்தான் தீர்ந்தது.

அடுத்து இங்கிலாந்தின் தாமஸ் பர்பரி. 1879-ல் அவர் உருவாக்கிய காபர்டீன், நூலுக்கே முதலில் நீர்விலக்கும் பூச்சு கொடுத்து, பிறகு நெருக்கமாக நெய்த துணி. எடை குறைவு, காற்றைத் தடுக்கும், ஓரளவு ஆவியையும் வெளியே விடும். தென்துருவத்துக்குப் போன ஆமுண்ட்சென் குழு காபர்டீன் உடைகளைக் கொண்டுபோனது. 1924-ல் எவரெஸ்டில் காணாமல் போன ஜார்ஜ் மேலரியும் காபர்டீன்தான் அணிந்திருந்தார். ஆனாலும் தொடர்ந்து நனைந்தால் அதுவும் தாங்காது.

சிரிப்புக்கு ஆளான கோட்டு

இப்போ சூடு விஷயத்துக்கு வருவோம். இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஒருத்தர் வர்றார்: ஜார்ஜ் ஃபின்ச். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், வேதியியலாளர், ஆல்ப்ஸ் மலைகளில் தேர்ந்த ஏற்றக்காரர். 1922-ல் பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுவில் இருந்தார்.

மற்றவர்கள் கம்பளி, ட்வீட், காபர்டீன் என்று அடுக்கடுக்காக அணிந்திருக்க, ஃபின்ச் மட்டும் வெப்பக்காற்று பலூன் செய்யும் துணியில் ஈடர் வாத்தின் மென்சிறகுகளை அடைத்துத் தைத்த கோட்டோடு வந்தார். கூட இருந்தவங்க கிண்டலடிச்சாங்க. ஒரு ஜென்டில்மேன் போடுற உடையா இதுன்னு ஒரு பார்வை. குளிர் ஏற ஏறக் கிண்டல் குறைஞ்சு, பொறாமை ஆரம்பிச்சது. அந்த வருஷம் மே மாதம் ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூஸும் சுமார் 8,320 மீட்டர் உயரத்தைத் தொட்டார்கள். அதுவரை மனிதர் ஏறியதிலேயே அதிக உயரம் அது.

அதோட ரகசியம் ரொம்ப எளிது. சிறகு நமக்குச் சூடு கொடுக்கறதில்ல. சூடு நம்ம உடம்போடது. அந்த மெல்லிய இழைகள் நடுவுல காத்து அசையாம மாட்டிக்கும். அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். அதாவது நாம காசு கொடுத்து வாங்குறது காத்தைக் கட்டிப்போடுற ஒரு ஏற்பாடு.

இந்த யோசனை ஸ்கீ உலகத்துக்கு வந்தது தனிக்கதை. ஜெர்மனியிலிருந்து வந்த கிளாஸ் ஓபர்மேயர், 1947-ல் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் ஸ்கீ பயிற்சியாளராகச் சேர்ந்தார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் குளிர் தாங்காமல் பாதியில் ஓடினார்கள். அம்மா கொடுத்தனுப்பிய சிறகு மெத்தைப் போர்வையை வெட்டி ஒரு ஜாக்கெட்டாகத் தைத்தார். மாணவர்கள் நின்னா சம்பளம், போனா இல்ல. ஸ்கீ ஃபேஷனோட பெரிய பிராண்டுகள்ல ஒண்ணு இப்படித்தான் ஆரம்பிச்சது.

சிறகுக்கு ஒரே ஒரு பலவீனம். நனைஞ்சா எல்லாம் ஒட்டிக்கும். இழைகளுக்கு நடுவிலிருந்த காற்று போனால் சூடும் போச்சு. அதனால்தான் செயற்கை இழைகள் வந்தன. 3எம் நிறுவனம் 1979-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த தின்சுலேட், வழக்கமான இழைகளை விடப் பல மடங்கு மெல்லிய இழைகளால் ஆனது. 1980-களில் அமெரிக்க ராணுவம், நனைந்தாலும் சூடு காக்கும் சிறகு மாற்று ஒன்று வேண்டும் என்று கேட்டதிலிருந்து ப்ரைமாலாஃப்ட் பிறந்தது.

கோபத்தில் ஒரு இழுப்பு

சரி, சூட்டுக்கு வழி கிடைச்சாச்சு. ஈரப் பிரச்சினை அப்படியே இருக்கு. அதோட விடை ஒரு காலி சிலிண்டர்ல ஒளிஞ்சிருந்தது.

1938 ஏப்ரல் 6. டூபாண்ட் நிறுவனத்தின் நியூ ஜெர்சி ஆய்வகம். ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் குளிர்பதன வாயுக்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டால் காலி சிலிண்டரின் எடையும் இல்லை. அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள். அதுதான் பிடிஎஃப்இ. பின்னாளில் டெஃப்லான் என்று உலகம் அறிந்த பொருள். எதுவும் அதன்மேல் ஒட்டாது, எந்த அமிலமும் எளிதில் அரிக்காது. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் வாயுவைத் தாங்கும் அடைப்புகளுக்குத்தான் அதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள்.

டூபாண்டில் வேலை செய்த பில் கோர் இந்தப் பொருளில் மயங்கிப்போனார். 1958-ல் வேலையை விட்டுவிட்டு, மனைவி வீவ் கோருடன் டெலவேரில் தங்கள் வீட்டின் அடித்தளத்தில் கம்பெனி தொடங்கினார். மின்கம்பிகளுக்கு பிடிஎஃப்இ உறை போடும் வியாபாரம்.

1969 அக்டோபர். அவர்கள் மகன் பாப் கோர், சூடாக்கிய பிடிஎஃப்இ கம்பிகளை மெதுவாக, கவனமாக இழுத்து நீட்டப் பார்க்கிறார். ஒவ்வொன்றும் உடைகிறது. கடைசியில் எரிச்சலில் ஒரு கம்பியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். உடையல! கை விரியும் அளவுக்கு நீண்டது, தடிமன் கிட்டத்தட்ட மாறவே இல்லை.

நீளம் கூடியும் தடிமன் குறையலன்னா, உள்ள காத்து புகுந்திருக்கணும். புகுந்தது. கோடிக்கணக்கான நுண்துளைகள் உருவாகியிருந்தன. நிறுவனம் சொல்லும் கணக்கு: ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடி துளைகள். ஒவ்வொன்றும் ஒரு நீர்த்துளியை விட 20,000 மடங்கு சிறியது, ஆனால் நீராவி மூலக்கூறை விட 700 மடங்கு பெரியது. மழை உள்ளே வர முடியாது, வியர்வை ஆவியாக வெளியே போய்விடும். 1976-ல் கோர்-டெக்ஸ் துணி சந்தைக்கு வந்தது.

ஆரம்பத்துல சிக்கல் இல்லாம இல்ல. உடம்பின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் படிந்து துளைகளின் குணம் மாறி, முதல் தலைமுறை ஜாக்கெட்டுகள் ஒழுக ஆரம்பித்தன. பிறகு உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு சேர்த்துச் சரிசெய்தார்கள்.

இன்னொரு சிக்கல் கோர்ட்டுல வந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஜான் கிராப்பர் 1966-லேயே பிடிஎஃப்இ-யை வேகமாக இழுத்து நீட்டும் இயந்திரத்தைச் செய்திருந்தார். அதைக் காப்புரிமை எடுக்காமல் வியாபார ரகசியமாக வைத்திருந்தார். கோர் நிறுவனத்துக்கும் கார்லாக் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 1983-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: ரகசியமாக வைத்த கண்டுபிடிப்பால் பொதுமக்களுக்கு எந்த அறிவும் கிடைக்கவில்லை, அதனால் பிறகு வெளிப்படையாகக் காப்புரிமை கேட்டவரின் உரிமையை அது பறிக்காது. முதல்ல கண்டுபிடிச்சவர் ஒருத்தர், வரலாற்றில் பேர் வாங்கினவர் இன்னொருத்தர்.

சவ்வுக்கு மேலே ஒரு பூச்சு

இங்கதான் கதை திரும்புது. கவனமா கேளுங்க.

அந்தச் சவ்வு நடுவில் இருக்கும். அதற்கு வெளியே சாதாரண நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. அந்த வெளித்துணி தண்ணீரைக் குடித்துவிட்டால், துளைகளுக்கு மேல் ஈரப்போர்வை விழுந்த மாதிரி ஆகி, ஆவி வெளியேற முடியாது. அதனால் வெளித்துணிக்கு நீர்விலக்கும் பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். தாமரை இலை மேல தண்ணி உருளுற மாதிரி ஜாக்கெட் மேல உருளுறது இந்தப் பூச்சாலதான். பல பத்தாண்டுகளாக அதில் மிகச் சிறப்பாக வேலை செய்தவை ஃப்ளோரின் சேர்மங்கள். தண்ணீரோடு எண்ணெயையும் விலக்கும்.

கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு மிக உறுதியானது. ஜாக்கெட்டில் அது வரம். மண்ணிலும் ரத்தத்திலும் அது சாபம், ஏன்னா சிதையவே சிதையாது. இந்தக் குடும்பத்துக்கு பிஃபாஸ் என்று பெயர். 'என்றென்றைக்குமான ரசாயனங்கள்' என்று அழைக்கிறார்கள்.

டெஃப்லான் தயாரிப்பில் 1951 முதல் டூபாண்ட் பயன்படுத்திய துணைப்பொருள் சி8. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே உள்ள ஆலையிலிருந்து அது ஆற்றிலும் குடிநீரிலும் கலந்தது. வில்பர் டெனன்ட் என்ற விவசாயியின் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அவருக்காக வழக்கறிஞர் ராப் பிலாட் 1999-ல் வழக்குப் போட்டார். 'டார்க் வாட்டர்ஸ்' படம் பாத்தவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. அதன் தொடர்ச்சியாக சுமார் 69,000 பேரிடம் தகவலும் ரத்த மாதிரிகளும் சேகரிக்கப்பட்டன. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு நோய்களுக்கும் சி8-க்கும் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்று அறிவியல் குழு முடிவு சொன்னது. 2017-ல் டூபாண்டும் கெமூர்ஸும், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 67 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்குகளை முடித்தன.

மலைக்கும் இது வந்து சேர்ந்தது. 2015-ல் கிரீன்பீஸ் குழுக்கள் இத்தாலி, ரஷ்யா, சிலி, சீனா என்று ஆள் நடமாட்டம் குறைந்த மலைகளில் பனி மாதிரி எடுத்தன. அங்கேயும் பிஃபாஸ் இருந்தது. ஸ்கீ பலகையில் தேய்க்கும் ஃப்ளோரின் மெழுகைக் கையாண்ட தொழில்நுட்பப் பணியாளர்களின் ரத்தத்தில் அதன் அளவு மிக அதிகமாக இருப்பதைச் சுவீடன், நார்வே ஆய்வுகள் காட்டின. பனியை ரசிக்கப் போனவங்க பனியிலேயே கறையை விட்டுட்டு வந்திருக்காங்க.

எவ்வளவு உலர்வு போதும்?

மாற்றம் மெதுவா வருது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சி8 சேர்க்கப்பட்டது. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 சீசனிலிருந்து ஃப்ளோரின் மெழுகுக்குத் தடை போட்டது. கோர் நிறுவனம் 2022-ல் பாலிஎத்திலீனால் ஆன புதிய சவ்வை அறிமுகப்படுத்தியது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரி முதல் பிஃபாஸ் சேர்த்த புது உடைகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தின.

புதுப் பூச்சுகள் தண்ணீரை நல்லாவே விலக்கும். எண்ணெயை அவ்வளவா விலக்காது. அதனால சீக்கிரம் அழுக்கு பிடிக்கும், அடிக்கடி துவைக்கணும், திரும்பப் பூச்சு போடணும். சிலர் இதைப் பின்னடைவுன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. நடுக்கடல்ல மீன்பிடிக்கிறவருக்கும் மலை மீட்புக் குழுவுக்கும் தேவைப்படுற உலர்வும், வார இறுதியில ரெண்டு மணி நேரம் சறுக்கிட்டு காபி குடிக்கப் போறவருக்குத் தேவைப்படுற உலர்வும் ஒண்ணு இல்ல. முதலாமவருக்கான பொருளை எல்லாருக்கும் வித்ததுதான் இந்தக் கதையில நடந்தது.

கடைசியா ஒரு சின்ன விஷயம். இந்தச் சவ்வு வேலை செய்யணும்னா உள்ள ஈரப்பதம் அதிகமாவும் வெளிய குறைவாவும் இருக்கணும். ஆவி அந்த வித்தியாசத்தாலதான் வெளிய தள்ளப்படுது. சென்னையோட நவம்பர் புழுக்கத்துல வெளியவும் காத்து ஈரமாத்தான் இருக்கும், வித்தியாசம் அதிகம் கிடையாது. அதனால 20,000 ரூபாய் ஜாக்கெட்டை ஆன்லைன்ல பாத்து மனசு அலைபாய்ஞ்சா, அது எந்த ஊர் வானிலைக்குச் செஞ்சதுன்னு ஒரு தடவை யோசிச்சுக்கோங்க. பூச்சுல என்ன இருக்குன்னு லேபிளையும் படிங்க.