சூதாடுபவன் குற்றவாளியா, நோயாளியா? – ஒரு சட்ட வரலாறு

சமண இல்லறத்தார் விரதங்களை மேற்கொள்வதற்கு முன்னரே விலக்க வேண்டியவை என்று நம் அறநூல்கள் வகுத்த ஏழு வியசனங்களுள் முதலாவதாக நிற்பது சூது. புலாலும் கள்ளும் களவும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வேழுக்கும் எடுத்துக்காட்டுக் கூறும் பழைய ஆசிரியர்கள் சூதுக்குத் தீயவன் ஒருவனைத் தேடவில்லை, தருமனையே காட்டினர். ஆடியவன் அறவோன், துன்பம் சூழ்ந்ததோ தம்பியரையும் மனைவியையும். திருக்குறளிலும் சூது என்னும் 94ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே அமைந்துள்ளது. இம்முறைவைப்பு எக்கருத்தால் நேர்ந்ததாயினும், இன்றைய மருத்துவர் ஒருவர் நூலின் பொருளடக்கத்தை நோக்கினால் வியப்படைவார்.

சூது ஆடுபவனை மட்டுமன்றி அவனைச் சூழ்ந்தோரையும் தாக்குவது, அறிவுடையோனையும் பற்றுவது என்னும் இக்கருத்து அரசின் சட்டத்தில் இடம்பெற நெடுங்காலம் பிடித்தது.

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் அமைந்த காட்டுப்பாக்கம், 1930இல் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். அவ்வாண்டு இயற்றப்பெற்ற சென்னைச் சூதாட்டச் சட்டம் சென்னை மாநகரை விடுத்து ஏனைய பகுதிகளுக்கு உரியது. மாநகருக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இருந்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்ட விடுதி நடத்துவோரையும் அங்கே ஆடுவோரையும் ஒருங்கே தண்டித்தது. ஆட்டம் நடக்கையில் அவ்விடத்தில் காணப்பட்டவர், ஆடவே வந்தவர் என்று கொள்ளப்பட்டார். ஆடியவன் வீட்டில் அடகு போன நகையைப் பற்றியோ, அவன் பட்ட கடனைப் பற்றியோ சட்டத்துக்குக் கேள்வி இல்லை. திறமையால் மட்டும் வெல்லும் ஆட்டங்களுக்கு அது விலக்கும் அளித்தது.

அவ்விலக்கே பின்னாளில் பெருவாயிலாயிற்று. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. கிண்டியில் 18ஆம் நூற்றாண்டு முதல் நடந்துவந்த குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டது, குதிரைப் பந்தயமும் திறமை ஆட்டமே என 1996இல் தீர்ப்பாயிற்று. திறமையா, வாய்ப்பா என்று நீதிமன்றங்கள் நுணுகி ஆராய்ந்த இத்தனை ஆண்டுகளிலும், தோற்றவன் குடும்பம் என்னவாயிற்று என்னும் வினா வழக்கின் விளிம்பிலேயே நின்றது. திறமையாக ஆடி இழந்த கூலியும் கூலிதானே!

பரிசுச் சீட்டின் கதை வேறு. 1968இல் அதைத் தொடங்கியதே அரசு. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிடின் நாட்டுக்கு என்னும் பொருளில் அது பரப்பப்பட்டது. நாட்கூலி பெறுவோர் அன்றாடம் சீட்டு வாங்கும் நிலை வளர்ந்த பின், 2003 ஜனவரியில் தமிழகத்தில் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனையும் தடை செய்யப்பட்டது. வாங்குவோரைத் துரத்தாமல் கடையையே மூடிய செயல் அது. பொது நலவாழ்வுத் துறையினர் முதற்கண் வலியுறுத்துவதும் இதுவே: தீங்கு தரும் பொருள் எளிதிற் கிட்டாதிருக்கச் செய்தல்.

ஆயினும் கடை கைப்பேசிக்குள் புகுந்தது. இன்று மெட்ரோ நிலையம் அமையும் அளவுக்கு வளர்ந்துவிட்ட காட்டுப்பாக்கத்துக்கும், தொலைவிலுள்ள சிற்றூருக்கும் இதில் வேறுபாடில்லை. இணையச் சூதைத் தடுத்த 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கியது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. காவல் துறை அதிகாரியோடும் கணினி அறிஞரோடும், தற்கொலைத் தடுப்புப் பணியில் நெடுநாள் உழைத்த மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இடம்பெற்றார். சூதாட்டச் சட்டம் வகுக்கும் அவையில் மருத்துவருக்கு இருக்கை கிடைத்ததே இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம்.

எனினும் அதன்வழி வந்து, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சட்டம், ஆடுபவனுக்கும் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை வைத்தது. ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாக வகைப்படுத்திய அதன் பட்டியலை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. எனவே அரசு ஒழுங்குமுறையை நாடியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பதினெட்டு வயது நிரம்பாதோர் பணம் வைத்து ஆடலாகாது. ஆதார் வழி அடையாளம் உறுதிசெய்யப்பட வேண்டும். தொடர்ந்து ஆடுவோர்க்கு இடையிடையே எச்சரிக்கை தோன்ற வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குள் நுழைய இயலாது. (இரவுண்ணாமை வழக்கமுள்ள இல்லத்தாருக்குக் காலவரையறையின் பயனை விளக்க வேண்டுவதில்லை.) பொது நலவாழ்வு மாநிலத்தின் பொறுப்பு என்னும் அடிப்படையும் முன்வைக்கப்பட்ட வழக்கில், அவ்வாண்டு ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இவ்விதிகளை ஏற்றது.

ஆகஸ்டில் நடுவண் சட்டம் வந்தது. திறமை, வாய்ப்பு என்னும் பழைய வேறுபாட்டைக் கருதாமல், பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் அது விலக்கியது. நடத்துவோர்க்கும் விளம்பரம் செய்வோர்க்கும் தண்டனை உண்டு; ஆடுவோர்க்கு இல்லை. 1930இல் காவலர் கைப்பற்றிய அதே மனிதன் இங்கே பாதிக்கப்பட்டவனாக நிற்கிறான்.

மருத்துவ உலகம் இம்முடிவுக்கு முன்னரே வந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதை நோயாகப் பதிவு செய்தது. 2013இல் மது முதலியவற்றின் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் அது அவ்வாறே உள்ளது.

சட்டம் வந்தமையால் பழைய கடன் தீர்வதில்லை. கடனை மறைக்கும் வழக்கமும் மாறுவதில்லை. ஊராரும் உறவினரும் அறியின் இழுக்கு என்று மூடி வைக்கும் குடும்பங்களில், நோய் வெளிப்படுவதற்குள் வீடே விலைபோய்விடுகிறது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். ஆடுபவர் மட்டுமன்றி அவர்தம் வீட்டாரும் அழைக்கலாம்.