ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு?

பந்து ஒரு வெள்ளை சாக்ஸுக்குள் இருந்தது. துவைத்த சாக்ஸ்தான் என்று அவரே சொன்னார்.

2019 ஜூலை. நியூ ஜெர்சியிலிருந்து கூப்பர்ஸ்டவுனுக்குக் காரில் நான்கு மணி நேரம். ஓட்டியவர் எங்கள் ஆபீஸ் டேட்டாபேஸ் டீமில் இருந்தவர், அறுபதைத் தாண்டியவர், ரிடையர் ஆக இன்னும் ஒரு வருடம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்த்து வளர்ந்த எனக்கு மூன்று மணி நேர பேஸ்பால் ஒன்றும் நீளமாகத் தெரியவில்லை என்று சொல்லிவைத்தேன். சொந்த ஊர்க்காரர்களே ‘போரடிக்குது’ என்று சொல்லும் காலத்தில் ஒரு தமிழன் இப்படிச் சொன்னது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அந்த வருட ஹால் ஆஃப் ஃபேம் விழாவுக்கு என்னையும் கிளப்பிவிட்டார்.

சாக்ஸுக்குள் இருந்தது அவர் அப்பாவின் பந்து. அப்பா நியூயார்க்கில் லாரி ஓட்டியவர். 1961-ல் யாங்கி ஸ்டேடியத்தில் சரக்கு இறக்கப் போனபோது, அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் பந்தைக் கொடுத்து மிக்கி மேன்டிலின் கையெழுத்தை வாங்கியிருக்கிறார். காசு கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் கையெழுத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை.

கூப்பர்ஸ்டவுன் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஏரிக்கரைக் கிராமம். பேஸ்பாலின் கோயில் அங்கே இருப்பதற்குக் காரணம் ஒரு பொய். ஆப்னர் டபுள்டே என்ற ராணுவ அதிகாரி 1839-ல் அந்த ஊரில்தான் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று, ஒரு முதியவரின் கடிதத்தை நம்பி ஒரு கமிஷன் முடிவு செய்தது. டபுள்டே அந்த வருடம் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர். பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக அவரே எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் நூற்றாண்டு என்று ஒன்று வேண்டுமே! 1939 ஜூன் 12 அன்று ஹால் ஆஃப் ஃபேம் திறக்கப்பட்டது. தல புராணம் பொய் என்பதற்காகக் கோயிலுக்குப் போகாமல் இருக்கிறோமா என்ன.

திறப்பு விழாவில் எடுத்த புகைப்படம் ஒன்று புகழ்பெற்றது. பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், சை யங், வால்டர் ஜான்சன் என்று பத்துப் பேர். அப்போது உயிரோடிருந்த பதினோராமவரான டை காப் மட்டும் தாமதமாக வந்ததால் படத்தில் இல்லை. அந்தப் பத்துப் பேரையும் அன்று ஊரே சுற்றிநின்று கையெழுத்து கேட்டிருக்கும். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

எண்பது வருடம் கழித்து நான் பார்த்த மெயின் ஸ்ட்ரீட் வேறு. கடைக்குக் கடை கூடாரம், மடக்கு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு முதியவர், பக்கத்தில் விலைப் பலகை. பந்துக்கு ஒரு விலை, மட்டைக்கு அதைவிட அதிகம். பெயரோடு ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்றும் அதற்குத் தேர்வான வருடத்தையும் சேர்த்து எழுத வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. வரிசையில் நின்றவர்கள் நீல பால்பாயிண்ட் பேனாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்; மார்க்கர் என்றால் தோலில் மை பரவிவிடுமாம். பந்தின் இரண்டு தையல் வரிசைகளும் நெருங்கிவரும் இடத்தில் ஒரு குறுகலான வெற்றிடம் உண்டு. அதன் பெயர் ஸ்வீட் ஸ்பாட். கையெழுத்து அங்கே விழுந்தால்தான் மதிப்பு.

எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் தலைமுறைக்கு ஆட்டோகிராஃப் என்றால் பள்ளி கடைசி நாளில் கைமாறிய நோட்டு, அப்புறம் சேரன் படம். இரண்டிலும் பலகையில் விலை எழுதவில்லை. இத்தனை சாதித்தவர்கள் தெருவில் உட்கார்ந்து இப்படி விற்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“இவங்க ஆடினப்போ என்ன சம்பளம்னு பார்த்துட்டு அப்புறம் கேளு.”

பார்த்தேன். அன்றிரவு மோட்டலில் தொடங்கியது, பல மாதம் ஓடியது.

1879-ல் கிளப் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரிசர்வ் விதி. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான், ஆனால் அது முடியும்போது புதுப்பிக்கும் உரிமை கிளப்புக்கே. வீரர் வேறு கிளப்புக்குப் போக முடியாது, கிளப் நினைத்தால் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றாலே நாம் புலம்புகிறோம். இவர்களுக்கு அது ஆயுள் முழுக்க. 1922-ல் உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே அல்ல, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. வேறு மாநிலத்தில் ஆட ரயிலில் போய் டிக்கெட் விற்றுச் சம்பாதிப்பது வணிகம் இல்லையாம்.

1947-ல் குறைந்தபட்ச சம்பளம் வருடத்துக்கு 5,000 டாலர். 1966-ல் 6,000. இருபது வருடத்தில் ஆயிரம் டாலர் உயர்வு. குளிர்காலத்தில் வீரர்கள் வேறு வேலை பார்த்தார்கள். யோகி பெர்ராவும் ஃபில் ரிசூட்டோவும் நுவார்க்கில் ஒரு துணிக்கடையில் கோட்டு சூட்டு விற்றார்கள். பிட்ஸ்பர்க் அணியின் ரிச்சி ஹெப்னர் குழி வெட்டினார். உவமை இல்லை, கல்லறைத் தோட்டத்தில் நிஜமாகவே குழி.

உச்சத்தில் இருந்தவர்களுக்கும் ஒரு கூரை இருந்தது. மேன்டிலின் அதிகபட்ச சம்பளம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர். ஓய்வுக்குப் பிறகு வில்லி மேஸ் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கேசினோவில் வேலைக்குச் சேர்ந்தார். வாடிக்கையாளர்களோடு கைகுலுக்குவது, கோல்ஃப் ஆடுவது. அந்த வருடம், 1979-ல்தான், அவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வாகியிருந்தார். சூதாட்டத் தொடர்பு என்று சொல்லி கமிஷனர் போவி கூன் அவரை பேஸ்பாலிலிருந்து தள்ளிவைத்தார். 1983-ல் அதே காரணத்துக்காக மேன்டிலையும். 1985-ல் அடுத்த கமிஷனர் வந்துதான் இருவரின் தடையும் நீங்கியது.

இடையில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். செயின்ட் லூயிஸ் அணியின் கர்ட் ஃபிளட். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். வருடம் 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்த நட்சத்திரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கூனுக்குக் கடிதம் எழுதினார்: நான் வாங்கி விற்கும் சரக்கு இல்லை என்பது சாரம். ஒரு கறுப்பின வீரர் இதை எழுதுவதன் கனம் யாருக்கும் புரியாமல் இல்லை. ஆனால் ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட விசாரணைக்கு வரவில்லை. சாட்சி சொன்னவர்கள் ஜாக்கி ராபின்சன், ஹாங்க் கிரீன்பெர்க் மாதிரி ஓய்வுபெற்றவர்கள்தான். 1972-ல் 5-க்கு 3 என்ற கணக்கில் ஃபிளட் தோற்றார். மூன்று வருடம் கழித்து, 1975 டிசம்பரில், வேறு இரண்டு வீரர்களின் வழக்கில் ஒரு நடுவர் தீர்ப்பு ரிசர்வ் விதியை உடைத்தது. அந்த வழக்குகளுக்குப் பின்னால் இருந்தவர் மார்வின் மில்லர். உருக்குத் தொழிற்சங்கத்திலிருந்து 1966-ல் வீரர்கள் சங்கத்துக்கு வந்தவர். நான் கூப்பர்ஸ்டவுனில் நின்ற 2019-ல் குறைந்தபட்ச சம்பளம் 5,55,000 டாலர்.

ஃபிளட்டின் பெயர் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. மியூசியத்தின் வெண்கலப் பட்டயங்களை மறுநாள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கூனின் பட்டயம் இருந்தது.

1980-களில் பேஸ்பால் அட்டைச் சந்தை வெடித்தது. சின்ன வயதில் இந்த வீரர்களைப் பார்த்து வளர்ந்தவர்களின் கையில் இப்போது காசு இருந்தது. ஹோட்டல் ஹால்களில் ஷோக்கள், டிக்கெட் போட்டு கையெழுத்து. மேன்டில் ஆடிச் சம்பாதித்ததைவிடக் கையெழுத்திட்டுச் சம்பாதித்தது அதிகம் என்பார்கள். வராமல் போன சம்பள பாக்கியை ரசிகர்களிடம் வசூலித்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. எரிச்சல் அங்கே பாதி போயிற்று.

மீதிப் பாதி போகாததற்குக் காரணங்கள் உண்டு. ஷோக்களில் புழங்கியது ரொக்கம். டியூக் ஸ்னைடரும் வில்லி மெக்கவியும் அந்த வருமானத்தை மறைத்ததற்காக 1995-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 4,256 ஹிட் அடித்த பீட் ரோஸ் 1990-ல் வரிக் குற்றத்துக்காக ஐந்து மாதம் சிறையில் இருந்தார். சூதாட்டத்துக்காக முந்தைய வருடமே ஆயுள் தடை வாங்கியவர். உள்ளே பட்டயம் கிடைக்காதவர் பல வருடங்கள் இதே விழா வாரத்தில் இதே தெருக் கடைகளில் கையெழுத்து போட்டார். பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கு மன்னிக்கவும் என்று எழுதிய பந்துகளைக்கூட விற்றார். மன்னிப்புக்கும் விலைப் பலகை.

அப்புறம் போலிகள். சான் டியாகோவின் டோனி க்வின் தன் சொந்தக் கிளப்பின் கடையில் தன் கையெழுத்திட்ட பந்துகளைப் பார்த்தார். அவர் போட்ட கையெழுத்து இல்லை. 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’னில் பெரிய கும்பல் சிக்கியது. பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் ஒன்றும் இருந்தது. (வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.) ஹோலோகிராம் ஸ்டிக்கர்களும் சரிபார்க்கும் தொழிலும் இதற்குப் பிறகு பெருகியவை.

அப்படி ஒரு மேசைக்குத்தான் சனிக்கிழமை சாக்ஸோடு போனோம். மேசைக்காரர் பந்தை லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “கிளப்ஹவுஸ்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை, நண்பருக்கு விளங்கிவிட்டது. நட்சத்திரங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் பந்து வரும். உடைமாற்றும் அறையில் வேலை பார்த்தவர்களே அவர்களுடைய கையெழுத்தைப் பழகிப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கிளப்பிலும் இருந்த வழக்கம். அதில் யாரும் காசு பார்க்கவில்லை, ஏமாற்று என்றும் நினைக்கவில்லை.

அவர் பந்தை சாக்ஸுக்குள் போட்டு ஒரு முடிச்சு போட்டார். பத்தடி நடந்த பிறகு சொன்னார்: “அப்பா நேர்ல வாங்கினேன்னு சொன்னதே இல்ல. கொடுத்தனுப்பினேன்னுதான் சொன்னார்.”

தெருக்கோடியில், கூட்டம் குறைந்த இடத்தில், ஒரு முதியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். 1970-களில் மூன்று சீசனுக்குக் கொஞ்சம் குறைவாக ஆடிய பிட்ச்சர். பலகையில் 10 டாலர். வரிசை இல்லை. நான் ஒரு புதுப் பந்தை நீட்டினேன். என் பெயருக்கு எழுத்து கேட்டு, பொறுமையாக எழுதி, கீழே தன் முழுப்பெயரை நான்காம் வகுப்பு டீச்சர் மாதிரி தெளிவாகப் போட்டார். பெரிய தலைகளின் மேசைகளில் நான் பார்த்ததெல்லாம் ஒரு வளையமும் ஒரு கோடும்தான்.

பணத்தை வாங்கிக்கொண்டு, “ரசீது வேணும்னா தர்றேன். எங்க ஆளுங்க சில பேர் அதுலதான் மாட்டினாங்க” என்று சிரித்தார்.

பென்ஷன் வருமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். “43 நாள்” என்றார். 1980-க்கு முன்பு ஆடியவர்களுக்குப் பென்ஷன் கிடைக்க நான்கு வருடம் மேஜர் லீக்கில் இருந்திருக்க வேண்டும். 1980-ல் சங்கம் பேசி அதை 43 நாளாகக் குறைத்தது, ஆனால் முன்தேதியிட்டு இல்லை. இவர் ஆடியதோ கிட்டத்தட்ட மூன்று சீசன். 2011-ல்தான் இப்படி விடுபட்டவர்களுக்கு, ஆடிய காலத்தைப் பொறுத்து, வருடம் அதிகபட்சம் 10,000 டாலர் என்று ஏற்பாடு வந்தது. வீரர் இறந்தால் அது நின்றுவிடும், மனைவிக்குப் போகாது.

“மில்லர் மேல கோபம் இல்லையா?”

“அவர் இல்லன்னா இந்த 43 நாள்கூட யாருக்கும் கிடையாது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்களை மறந்துட்டாங்க. அதுவும் உண்மை.”

நண்பர் திடீரென்று சாக்ஸின் முடிச்சை அவிழ்த்துப் பந்தை அவரிடம் காட்டினார். கிளப்ஹவுஸ் என்று அவரே சொல்லிவிட்டார். பிட்ச்சர் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்.

“எங்க கிளப்ல ஒரு பையன் இருந்தான். அவன் போட்ட என் கையெழுத்து, நான் போடுறதைவிட அழகா இருக்கும்.”

ஞாயிறு கொளுத்தும் வெயிலில் விழா. ஒரு வாக்குகூடக் குறையாமல் தேர்வான முதல் வீரர் மரியானோ ரிவேரா அன்று உள்ளே போனார். விமான விபத்தில் இறந்த ராய் ஹாலடேக்காக அவர் மனைவி பேசினார். புல்வெளியில் ஐம்பதாயிரம் பேர். நாங்கள் பாதியில் கிளம்பினோம், டிராஃபிக்குக்குப் பயந்து.

அந்த டிசம்பரில் மார்வின் மில்லர் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். 2012-லேயே இறந்துவிட்டவர், தன்னைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று 2008-லேயே எழுதிக் கேட்டவர். விழா கோவிட்டால் தள்ளிப்போய் 2021 செப்டம்பரில் நடந்தது. நண்பர் அதற்குள் ரிடையராகி ஃபுளோரிடா போயிருந்தார். ‘ஃபிளட்?’ என்று ஒரே வார்த்தையில் மெசேஜ் அனுப்பினார்.

பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்று சொல்லியிருந்தார். என் பந்தைத் துணி அலமாரியில், ஒரு சாக்ஸுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.