தையல் எந்திரமும் சில எலிகளும்

1947-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்னும் இளம் அறுவை மருத்துவர், ஆய்வுக்குப் பயன்பட்ட நாயொன்றின் இதயத்தைத் திறந்து பார்த்தார். மாதங்களுக்கு முன் அதனுள் தவறுதலாகத் தங்கிவிட்ட பட்டுநூலின்மேல் பளபளப்பான மெல்லிய படலம் படர்ந்திருந்தது. நூலையே போர்த்திக்கொள்ளும் உடல், துணியால் தைத்த குழாயை ஏற்காதா? பாராசூட் துணியாகிய வினியான்-என்னில் குழாய்கள் தைத்து நாய்களுக்குப் பொருத்தினார். 1952-இல் முடிவுகள் வெளிவந்தன. மறு ஆண்டே மனிதருக்கும் பொருத்தினர். 1954-இல் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, கடையில் நைலான் தீர்ந்துபோனதால் டாக்ரான் துணியை வாங்கிவந்து வீட்டுத் தையல் எந்திரத்தில் தாமே குழாய் தைத்தார். தையல் அவருக்குத் தாயார் கற்பித்த கலை.

பலரும் சொல்லி மகிழும் கதை இது. அதே கொலம்பியாவில் ஏறத்தாழ அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றை எவரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஓப்பன்ஹைமர் குழுவினர் (அணுகுண்டு ஓப்பன்ஹைமர் அல்லர்) இரத்த அழுத்தத்தை ஆராய எலிகளின் சிறுநீரகத்தைச் செலோபேன் தாளால் சுற்றி வைத்தனர். நாளடைவில் அத்தாளைச் சூழ்ந்து சார்கோமா என்னும் புற்று எழுந்தது. 1948-இல் இதை வெளியிட்டவர்கள், பின்னர் வேறு பல பிளாஸ்டிக்குகளையும் சோதித்தனர். விளைவு விந்தையானது. வழவழப்பான முழுத்தாள் புற்றை விளைவித்தது; அதே பொருளில் துளைகள் இட்டால் புற்று குறைந்தது; பொடியாக்கினால் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. குற்றம் வேதிப்பொருளைவிட வடிவத்தில்தான் அதிகம் இருந்தது என்று தோன்றுகிறது. நெய்த துணியில் இயல்பாகவே உள்ள இடைவெளிகள் நோயாளிகளுக்கு நன்மையே செய்திருக்கலாம்.

மனிதரிலோ? டாக்ரான் குழாயருகே சார்கோமா தோன்றிய செய்திகள் 1970-களில் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. பொருத்தப்பட்ட குழாய்களின் பெருந்தொகைக்கு முன் அவை மிகச் சொற்பம். செயற்கைக் குழாயே இல்லாத பெருந்தமனியிலும் இத்தகைய புற்று அரிதாக எழுவதுண்டு; ஆகவே பழியைத் துணியின்மீது உறுதியாகச் சுமத்த இயலவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999-இல் வழவழப்பான மென்தாள் வடிவப் பாலிமர் பதியன்களை மனிதருக்குப் புற்று விளைவிக்கக்கூடியவை என வகைப்படுத்தியது. அதற்கு ஆதாரமாய் நின்றவை பெரும்பாலும் எலிகளே. டிபேக்கிக்கே 2006-இல், தொண்ணூற்றேழு வயதில், பெருந்தமனிக் கிழிவுக்காக டாக்ரான் குழாய் பொருத்தப்பட்டது. 2008-இல் அவர் மறைந்தார்.

இலக்கியம் படித்தவனான என்னை ஈர்ப்பவை அந்த ஒற்றை நோயாளி அறிக்கைகளே. பெயரில்லாத ஒருவர், வயது, பால், குழாய் பொருத்திய ஆண்டு, பின்னர் வந்த வலி, வீக்கம். முதலில் நோய்த்தொற்று என்றோ கசிவு என்றோ கருதுகிறார்கள். அதற்கே மருத்துவமும் செய்கிறார்கள். அரிய நோயை யார் முதலில் நினைப்பார்? திசுவை எடுத்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது. அதற்குள் பெரும்பாலும் அது நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டிருக்கிறது.