எரியும் கையும் ஈரத் துணியும்

வலியைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நோவு, கடுப்பு, குத்தல், குடைச்சல், இசிவு, எரிச்சல் என்று நம் பாட்டிமார்கள் வைத்தியரிடம் பிரித்துப் பிரித்தே சொன்னார்கள். ஆனால் எந்தச் சொல்லைச் சொன்னாலும் கேட்பவர் அதை நம்ப வேண்டுமே! பிறர் வலியை நாம் எப்போதும் சொல் வழியாகத்தான் அறிகிறோம். இந்த இடர்ப்பாட்டின் வரலாற்றை ஒரு நோயை முன்வைத்துப் பார்க்க விழைகிறோம். இலக்கியம் கற்பிப்பவர்களுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்நோய்க்கு முதலில் பெயரிட்ட மருத்துவர் ஒரு கதாசிரியர் என்பதே நமது பதில்.

'காம்ப்ளெக்ஸ் ரீஜினல் பெய்ன் சின்ட்ரோம்', சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ்., என்பது அதன் இன்றைய பெயர். கையோ காலோ முறிந்து, அல்லது சுளுக்கி, காயம் ஆறிய பின்னும் வலி ஆறாமல் காயத்தின் அளவை மீறி வளரும். உறுப்பு வீங்கும், நிறம் மாறும், மற்றதைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும். மெல்லிய துணி பட்டாலும் பொறுக்க இயலாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, நரம்புக் காயம் பட்ட வீரர்களுக்கென ஃபிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை அமைந்தது. அங்கே சைலஸ் வியர் மிட்செல், மோர்ஹவுஸ், கீன் என்ற மூவர் பணியாற்றினர். குண்டு துளைத்த புண் ஆறியும் கை எரிகிறது என்று துடித்தவர்களை அவர்கள் கண்டார்கள். அவ்வீரர்கள் தண்ணீர்க் குப்பியும் ஈரத் துணியுமாகவே நடமாடினார்கள். காலணிக்குள்ளும் நீர் ஊற்றிக்கொண்டார்கள். அடுத்த கட்டிலில் ஒருவர் செய்தித்தாளைப் புரட்டும் சலசலப்பும், கூடத்தில் யாரோ நடக்கும் அதிர்வும் அவர்களுக்கு வேதனை தந்தன. மிட்செல் இதையெல்லாம் சிறு விவரமும் விடாமல் எழுதி வைத்தார். மூவரின் நூல் 1864-ல் வந்தது. 'காஸால்ஜியா' என்ற பெயரை மிட்செல் 1867-ல் கையாண்டார். மருத்துவ அகராதி தொகுத்த ராப்ளி டங்ளிசன் எடுத்துக் கொடுத்த சொல் அது. வெப்பம், வலி என்ற இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. நம் பாட்டிமார் 'எரிச்சல்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.

ஆயினும் இதே மூவர்தாம், அதே 1864-ல், பொய்யாக நோய் நடிக்கும் வீரர்களைக் கண்டுபிடிப்பது பற்றியும் கட்டுரை எழுதினார்கள். ஈதர் கொடுத்து மயக்கினால், அசையாது என்று சொன்ன கை அசைகிறதா என்று பார்த்துவிடலாம். போர்க்காலத்தில் இந்த ஐயத்துக்குக் காரணம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்பதும் சோதிப்பதும் ஒரே கூடத்தில் நடந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

1866 ஜூலையில் அட்லாண்டிக் மன்த்லி இதழில் 'ஜார்ஜ் டெட்லோவின் வழக்கு' என்ற கதை ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. எரியும் வலி தாளாமல் ஒரு கையை இழந்து, பின்னர் மற்ற உறுப்புகளையும் இழந்த ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிறான். எழுதியவர் மிட்செல். வாசகர்கள் அதை உண்மை என்றே நம்பினார்கள். டெட்லோவுக்கென்று பணம் திரட்டினார்கள். இல்லாத மனிதனின் வலியை ஊர் நம்பியது. இருந்த மனிதர்களுக்கோ ஈதர் சோதனை!

இதே மிட்செல் பின்னாளில் 'ஓய்வுச் சிகிச்சை'யால் புகழ்பெற்றார். 1887-ல் அவரிடம் சென்ற சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்குப் பேனாவைத் தொடாதே என்று அறிவுரை கிடைத்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்து 1892-ல் வெளிவந்த 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையை நம் வாசகர்களில் பலர் படித்திருப்பார்கள். வீரர்களின் வலியை அவர்கள் வாய்மொழியாகவே பதிந்த ஒருவர், ஒரு பெண்ணிடம் எழுதாதே என்றது நம்மை உறுத்துகிறது. சி.ஆர்.பி.எஸ். ஆண்களைவிடப் பெண்களுக்கே மூன்று, நான்கு மடங்கு மிகுதியாக வருகிறது என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

பிறகு பெயர்கள் மாறின. 1900-ல் ஜெர்மானியரான பால் சூடெக் எக்ஸ்-ரே படத்தில் எலும்பு நலிவதைக் காட்டினார். சொல்லை நம்பாதவர்க்கு நிழற்படம் கிடைத்தது. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் எலும்பு அப்படி நலிவதில்லை. 1916-ல் பிரான்சின் லெரீஷ் பரிவு நரம்புகளைக் குற்றவாளியாக்கினார். 1946-ல் எவன்ஸ் என்பவர் 'ரிஃப்ளெக்ஸ் சிம்பதெடிக் டிஸ்ட்ரஃபி' என்றார். பல பத்தாண்டுகள் அந்நரம்புகளை மரக்கச் செய்தும் வெட்டியும் பார்த்தார்கள். எல்லா நோயாளிகளிடமும் அந்த விளக்கம் பொருந்தாததால் 1994-ல் இன்றைய பெயர் வந்தது.

2003-ல் புடாபெஸ்டில் கூடிய வல்லுநர்கள் நோயறிதலுக்கு வகுத்த விதி நமக்கு முக்கியமானது. உணர்ச்சி, நிறமும் வெப்பமும், வியர்வையும் வீக்கமும், அசைவும் நகம், மயிர் மாற்றமும் என நான்கு வகை. அவற்றுள் மூன்றிலாவது நோயாளி குறை சொல்ல வேண்டும். இரண்டிலாவது மருத்துவர் கண்ணால் காண வேண்டும். வேறு நோய் எதுவும் இதை மேலாக விளக்கக் கூடாது. இன்றுவரை இதனை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவர் காண்பது இரண்டு, நோயாளி சொல்வது மூன்று.

சிகிச்சையில் இன்று முதலிடம் இயன்முறைப் பயிற்சிக்கே. உறுப்பை அசைக்காமல் பொத்திப் பாதுகாத்தால் நிலை மோசமாகும். ஓய்வை மருந்தாக்கிய மிட்செல் கேட்டால் திகைப்பார். மருந்துகளும், பிறவற்றுக்குப் பலன் தராதவர்க்குத் தண்டுவடத்தில் மின்தூண்டலும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், இழந்த உறுப்பில் வலி உணர்பவர்களுக்காக 1990-களில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை அமைத்தார். இழந்த உறுப்பு இருப்பதாகவே உணரும் அந்நிலைக்கு 'மாயஉறுப்பு' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டவரும் மிட்செல்தான். அந்தக் கண்ணாடியை இங்கிலாந்தின் பாத் நகரில் சி.ஆர்.பி.எஸ். நோயாளிகள் எட்டுப் பேரிடம் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். நல்ல கையின் பிம்பம், எரியும் கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நோய் வந்து சில வாரங்களே ஆனவர்களுக்கு வலி தணிந்தது. இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தணியவில்லை.